ஃபைலில் இரண்டு பக்கம்

டிசம்பர் 15, இரவு 11 மணி 59 நிமிடம் என்று அமெரிக்காவின் கிழக்குக் கரைப் பல்கலைக்கழகம் ஒன்று விண்ணப்பத்துக்குக் கெடு வைத்தால், மதுரைப் பக்கம் எங்கள் கீழக்குயில்குடியில் அது 16ஆம் தேதி காலை 10:29. மேற்குக் கரை என்றால் பகல் 1:29. இந்தக் கணக்கு தெரியாமல் 15ஆம் தேதி நடு ராத்திரியில் என் வீட்டுக் கதவைத் தட்டி, "டயம் முடிஞ்சு போச்சுண்ணே" என்று கண் கலங்கிய பையன்கள் உண்டு. உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்து, இன்னும் பத்தரை மணி நேரம் இருக்கிறதடா என்பேன். ஏன் படிக்க வருகிறேன் என்று விண்ணப்பத்தோடு எழுதித் தரும் எஸ்.ஓ.பி.க்களில் நான் பார்த்த நல்லவை சில அந்தப் பத்தரை மணி நேரத்தில் எழுதப்பட்டவை. பயம் போன பிறகு வரும் தூக்கமில்லாத தெளிவு ஒன்று இருக்கிறது. அதில் பொய் எழுத வராது.

என் கடை நாகமலைப் புதுக்கோட்டையிலிருந்து சமணமலை அடிவாரத்துக்கு வரும் சாலையில் இருக்கிறது. பலகையில் பிரவுசிங், ஜெராக்ஸ், ஆன்லைன் சேவை என்று எழுதியிருந்தாலும் ஊருக்கு அது நெட்டுக்கடை. பட்டா சிட்டா எடுக்க, கரண்டு பில் கட்ட, பிளஸ் டூ ரிசல்ட் பார்க்க வருவார்கள். கம்ப்யூட்டர் சயின்ஸில் மேற்படிப்புக்கு அப்ளிகேஷன் போட வருபவர்கள் தனி. அவர்களுக்கென்று மாலை ஏழு மணிக்கு மேல் ஒரு மேசையை ஒதுக்கி வைத்திருக்கிறேன். நான் படித்ததும் அதே பாடம்தான், மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தின் அஞ்சல் வழியில். 1966இல் தொடங்கிய பல்கலைக்கழகம். 1971இலேயே அஞ்சல் வழிக் கல்வியை ஆரம்பித்துவிட்டது. அதன் வாசல் எங்களுக்குப் பக்கம். இந்தப் புறம் திருப்பரங்குன்றத்தில் 1957இல் வந்த தியாகராசர் பொறியியல் கல்லூரி. இரண்டுக்கும் இடையில் ஆடு மேய்த்தவர்களின் பேரப்பிள்ளைகள் இப்போது என் மேசைக்கு வருகிறார்கள்.

வரும்போதே அப்பாக்கள் சுந்தர் பிச்சையைக் கூட்டிக்கொண்டு வருவார்கள். "அவரு நம்ம மதுரையில பொறந்தவருதான?" ஆமாம், 1972இல் மதுரையில் பிறந்தவர்தான். கரக்பூர் ஐ.ஐ.டி.யில் அவர் படித்தது உலோகவியல், ஸ்டான்ஃபோர்டில் எம்.எஸ். படித்தது பொருள் அறிவியல் என்று சொன்னால் முகம் சுருங்கும். அவரைவிட நமக்குப் பொருத்தமான ஆள் ராஜ் ரெட்டி என்பேன். சித்தூர்ப் பக்கத்துக் கிராமத்துக்காரர், விவசாயக் குடும்பம், 1958இல் கிண்டி பொறியியல் கல்லூரியில் சிவில் முடித்தவர், ஆஸ்திரேலியாவில் மேற்படிப்பு, ஸ்டான்ஃபோர்டில் கம்ப்யூட்டர் சயின்ஸ் முனைவர் பட்டம், 1994இல் டூரிங் விருது. அந்தப் பெயரை யாரும் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். "அவரு எந்தக் கம்பெனி ஓனரு?" என்பதுதான் அடுத்த கேள்வியாக இருக்கும்.

ஒரு விண்ணப்ப ஃபைலில் என்னென்ன இருக்கும்? பத்தாவது, பன்னிரண்டாவது மார்க்‌ஷீட், செமஸ்டர்வாரியாக மதிப்பெண் பட்டியல், டிரான்ஸ்கிரிப்ட், புரொவிஷனல், பாஸ்போர்ட், சாதிச் சான்று, வருமானச் சான்று, இங்கே எம்.டெக்.குக்கு கேட் அல்லது வெளிநாட்டுக்கு ஜி.ஆர்.இ. ஸ்கோர், ஆங்கிலத் தேர்வு ஸ்கோர், இரண்டோ மூன்றோ ரெகமண்டேஷன் லெட்டர். எல்லாம் வேறு யாரோ நம்மைப் பற்றி எழுதியவை, அல்லது வேறு யாரோ போட்ட மார்க்கு. எஸ்.ஓ.பி. என்கிற இரண்டு பக்கம் மட்டும்தான் பையனோ பெண்ணோ தானே எழுதுவது. அதையும் இன்னொருவரிடம் கொடுத்துவிடுகிறார்களே என்பதுதான் இத்தனை வருடத்தில் எனக்கிருக்கும் பெரிய ஆற்றாமை.

அதற்கு முன்னால் பேப்பர் வேலை. பேப்பர் வேலையில் முதல் முட்டு பெயர். நமக்கு இனிஷியல்தான் உண்டு, குடும்பப் பெயர் கிடையாது. படிவம் ஃபர்ஸ்ட் நேம், லாஸ்ட் நேம் என்று இரண்டு கட்டம் போட்டு வைத்திருக்கிறது. பத்தாவது மார்க்‌ஷீட்டில் பெயருக்குப் பின்னால் ஒற்றை எழுத்து; ஆதாரில் பெயருக்கு முன்னால் அதே எழுத்து; காலேஜ் ரெக்கார்டில் அப்பா பெயர் முழுதாக. பாஸ்போர்ட் எடுக்கும்போது சர்நேம் கட்டத்தைக் காலியாக விட்டுவிட்டால் அமெரிக்க விசாவில் இருக்கிற ஒரே பெயரைச் சர்நேமில் போட்டு, முன்பெயர் இருக்கவேண்டிய இடத்தில் எஃப்.என்.யூ. என்று அச்சடித்துவிடுவார்கள். முன்பெயர் தெரியவில்லை என்று அதற்கு அர்த்தம். அங்கே போன பையன் ஒருவனுக்குப் பல்கலைக்கழகத்திலிருந்து வந்த முதல் மடலே "அன்புள்ள எஃப்.என்.யூ." என்றுதான் ஆரம்பித்தது. காலேஜ் முதல் வருடத்திலேயே பாஸ்போர்ட் எடு, இனிஷியலை விரித்து அப்பா பெயரைச் சர்நேமில் போடு, அதன் பிறகு எல்லாப் படிவத்திலும் பாஸ்போர்ட்டைப் பார்த்தே பெயரை அடி. இதை நான் பதினெட்டு வயதுப் பிள்ளைகளிடம் சொன்னால் சிரிப்பார்கள். இருபத்தோரு வயதில் வந்து, ஒரே ஆள்தான் என்று அஃபிடவிட் எழுத நோட்டரியைத் தேடுவார்கள்.

அடுத்து சாதிச் சான்று. எங்கள் பக்கம் இது லேசான விஷயமில்லை. பிரமலைக் கள்ளர்கள் மீது குற்றப்பரம்பரைச் சட்டம் முதலில் பாய்ந்த ஊர்களில் கீழக்குயில்குடியும் ஒன்று, அது 1914. ஊர் வழக்கில் அதற்குக் கைரேகைச் சட்டம் என்று பெயர். ஆம்பளைகள் பெயரைப் பதிந்து, ரேகை வைத்து, ராத்திரியில் ஊரைவிட்டு வெளியே போக ராத்திரிச் சீட்டு வாங்க வேண்டும். 1920 ஏப்ரல் 3ஆம் தேதி பெருங்காமநல்லூரில் ரேகை வைக்க மாட்டோம் என்று நின்றவர்கள் மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. சென்னை மாகாணத்தில் சட்டம் நீங்க 1947 வரை ஆனது. பல வருடத்துக்கு முன் அமெரிக்க விசாவுக்குச் சென்னைக்குப் போய்ப் பத்து விரல் ரேகையும் வைத்துவிட்டு வந்த பையன் ஒருவன், அதை என் கடை வாசலில் நின்று சொல்லிக்கொண்டிருந்தான். கூட வந்திருந்த அவன் அய்யா, "பத்து வெரலையுமா வாங்குனாய்ங்க?" என்று கேட்டுவிட்டு வெகு நேரம் பேசவில்லை. பிறகு, "எங்கய்யன் வைக்க மாட்டேன்னு ஓடி ஒளிஞ்சாரு. இவன் காசு கட்டி வச்சுட்டு வந்திருக்கான்" என்று சொல்லிச் சத்தமாகச் சிரித்தார். நானும் சிரித்தேன்.

இப்போது இதன் வால் சான்றிதழில் நீள்கிறது. அந்தச் சட்டத்தின் பட்டியலிலிருந்து நீக்கப்பட்ட சீர்மரபினருக்கு மாநில அரசு 2019இல் இரட்டைச் சான்று முறை கொண்டுவந்திருந்தது: மாநிலத் தேவைக்கு டி.என்.சி., மத்திய அரசுத் தேவைக்கு டி.என்.டி. கேட் எழுதி ஐ.ஐ.டி., என்.ஐ.டி. பக்கம் போகிறவனுக்கு வேண்டியதோ மத்திய அரசுப் படிவத்தில் ஓ.பி.சி. நான்-கிரீமிலேயர். மாநிலப் பொறியியல் கவுன்சலிங்குக்கு வாங்கிய சான்றைக் கொண்டுபோய்க் காட்டினால் எடுபடாது. அந்த மத்தியச் சான்றும் அந்த நிதியாண்டில், ஏப்ரல் 1க்குப் பிறகு வாங்கியதாக இருக்க வேண்டும். எட்டு லட்ச வருமான வரம்பு என்றதும் அப்பா வாத்தியாராகவோ டிரைவராகவோ இருந்தால், சம்பளத்தையும் தோட்ட வருமானத்தையும் கூட்டிப் பார்த்துப் பயந்துபோய் விண்ணப்பிக்காமலே விட்டவர்கள் இருக்கிறார்கள். அந்தக் கணக்கில் சம்பளமும் விவசாய வருமானமும் சேராது. அதற்கான மத்திய அரசு உத்தரவை அச்செடுத்து மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருக்கிறேன். வேண்டியவர்கள் ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு தாலுகா ஆபீஸுக்குப் போவார்கள். அந்த ஜெராக்ஸுக்கு நான் காசு வாங்குவதில்லை.

எங்கே போடுவது என்பதில் பெற்றவர்களுக்கு ஒரே கேள்வி, எவ்வளவு ஆகும். கேட் 2025 தேர்வுக்குக் கட்டணம் 1,800 ரூபாயாக இருந்தது. பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் பாதி. மூன்று மணி நேரம், அறுபத்தைந்து கேள்வி, நூறு மார்க்கு. ஸ்கோர் மூன்று வருடம் செல்லும். ஐ.ஐ.டி., என்.ஐ.டி.யில் எம்.டெக். கிடைத்தால் மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை. அதற்கு லேபில் ஜூனியர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை செய்ய வேண்டும். படிக்கப் போன பிள்ளை மாசம் பணம் வாங்குமா என்று ஒரு அம்மா என்னைச் சந்தேகமாகப் பார்த்தார். நான் ஏதோ ஏஜென்ட் என்று நினைத்துவிட்டார்.

பி.இ. முடித்தவனுக்கு இது நேர் வழி. பி.எஸ்சி. முடித்தவர்கள் நிலைமை வேறு. ஐ.ஐ.டி.க்களின் எம்.எஸ்சி. நுழைவுத் தேர்வான ஜாமில் கம்ப்யூட்டர் சயின்ஸ் தாளே கிடையாது. டான்செட் எழுதி எம்.சி.ஏ., நிம்செட் எழுதித் திருச்சி என்.ஐ.டி. போன்ற இடங்களில் எம்.சி.ஏ., சி.யு.இ.டி. எழுதி மத்தியப் பல்கலைக்கழகத்தில் எம்.எஸ்சி. இவைதான் பாதை. மூன்று வருடமாக இருந்த எம்.சி.ஏ. 2020-21 முதல் இரண்டு வருடம் ஆகிவிட்டதால் எங்கள் பெண் பிள்ளைகள் நிறையப் பேர் அதைப் பிடித்துக்கொண்டார்கள். "ரெண்டு வருசந்தான மாமா, அதுக்குள்ள மாப்ள பாக்க மாட்டாக" என்று ஒருத்தி சொன்னாள். சரியான கணக்குதான். அமெரிக்காவில் பல பல்கலைக்கழகங்கள் பதினாறு வருடப் படிப்பு கேட்கும். மூன்று வருட டிகிரிக்காரனுக்கு அங்கே முட்டுக்கட்டை. ஐரோப்பாவில் மூன்று வருட டிகிரியே வழக்கம் என்பதால் அங்கே ஓரளவு வழி உண்டு.

ஜெர்மனியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்லவேண்டும், அங்கே ட்யூஷன் ஃபீஸ் இல்லை என்ற செய்தி மட்டும் ஊருக்கு வந்திருக்கிறது. பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் இல்லைதான். ஆனால் மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் 2024-25 குளிர்காலப் பருவத்திலிருந்து ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருபவர்களிடம் முதுநிலைக்குப் பருவத்துக்கு 4,000 முதல் 6,000 யூரோ வாங்குகிறது. விசாவுக்கு முன் முடக்கக் கணக்கில் 11,904 யூரோ போட்டுக் காட்டவேண்டும். மாதம் 992 யூரோவாக அது நமக்கே திரும்பி வரும். ஆனால் முதலில் மொத்தமாக வைக்க நமக்கு யாரிடம் இருக்கிறது? 2022 நவம்பரிலிருந்து ஏ.பி.எஸ். என்ற சான்றிதழ்ச் சரிபார்ப்பும் கட்டாயம், அதற்கு 18,000 ரூபாய். யூனி-அசிஸ்ட் வழியாகப் போட்டால் முதல் விண்ணப்பத்துக்கு 75 யூரோ, அதே பருவத்தில் அடுத்தடுத்து ஒவ்வொன்றுக்கும் 30.

இதையெல்லாம்விட என் தலையை அதிகம் சூடாக்கியது அவர்களுடைய மார்க்குக் கணக்கு. ஜெர்மனியில் 1 என்பது உச்சம், 4 என்பது விளிம்பில் பாஸ். நம் மார்க்கை அதற்கு மாற்ற ஒரு சூத்திரம் வைத்திருக்கிறார்கள். உச்ச மார்க்கிலிருந்து நம் மார்க்கைக் கழி, உச்ச மார்க்கிலிருந்து பாஸ் மார்க்கைக் கழி, முதலாவதை இரண்டாவதால் வகுத்து மூன்றால் பெருக்கி ஒன்றைக் கூட்டு. சி.ஜி.பி.ஏ. 7.5 வைத்திருக்கும் பையனை எடுத்துக்கொள்வோம். பாஸ் மார்க்கு 5 என்றால் விடை 2.5. பாஸ் மார்க்கு 6 என்றால் 2.875. பல துறைகள் 2.5க்கு மேல் போனால் ஃபைலைத் திறப்பதே இல்லை. அண்ணா பல்கலைக்கழகத்தின் 2017 ரெகுலேஷனில் ஆகக் குறைந்த பாஸ் கிரேடு பி, அதற்கு 6 புள்ளி. 2021 ரெகுலேஷனில் அதற்கும் கீழே சி என்று ஒன்று வந்தது, அதற்கு 5 புள்ளி. அதாவது அதே படிப்பு, அதே 7.5, எந்த வருடத்தில் காலேஜில் சேர்ந்தான் என்பதைப் பொறுத்து ஒருவன் உள்ளே, ஒருவன் வெளியே. முன்னதில் மாட்டிக்கொண்ட பிள்ளைகளுக்கு நான் செய்யச் சொல்வது ஒன்றுதான். கிரேடு விளக்கம் அச்சிட்டிருக்கும் மார்க்‌ஷீட்டின் பின்பக்கத்தையும் ஸ்கேன் செய்து சேர், 50 மார்க்கு எடுத்தாலே அந்த 6 புள்ளி கிடைக்கும் என்பதை அவர்கள் கண்ணில் படும்படி வை. எல்லா இடத்திலும் எடுபடாது. சில இடத்தில் எடுபட்டிருக்கிறது.

அரியர் பற்றி எல்லோரும் கேட்பதால் ஒரு வரி: கிளியர் ஆன அரியரை மறைக்காதே, டிரான்ஸ்கிரிப்ட் அதைச் சொல்லிவிடும்.

ரெகமண்டேஷன் லெட்டர் கதைக்கு வருவோம். சமணமலையின் மேற்குப் பக்கம் செட்டிப்புடவு என்ற குகையில் உட்கார்ந்த நிலையில் ஒரு பெரிய தீர்த்தங்கரர் சிற்பம் இருக்கிறது. அதன் கீழே வட்டெழுத்தில் கல்வெட்டு. குறண்டியைச் சேர்ந்த அஷ்டோபவாசி படாரர், அவர் மாணாக்கர் குணசேன தேவர், அவர் மாணாக்கர் கனகவீரப் பெரியடிகள் என்று மூன்று தலைமுறை ஆசிரியரையும் மாணவரையும் வரிசையாகச் சொல்லி, குயிற்குடி ஊரார் பேரால் இந்தத் திருமேனியைச் செய்வித்ததாக அது முடிகிறது. ஆயிரம் வருடத்துக்கு மேல் ஆகிறது. இன்னாரிடம் படித்தேன், அவர் இன்னாரிடம் படித்தவர் என்று சொல்வதுதான் அன்றைக்கும் தகுதிச் சான்று. இன்றைய பல்கலைக்கழகம் கேட்பதும் ஏறக்குறைய அதுதான்.

ஆனால் நம் பையன்களைப் பேர் சொல்லி அறிந்த ஆசிரியர் எத்தனை பேர்? அறுபது பேர் வகுப்பு, நடுவில் இரண்டு முறை மாறிய லெக்சரர். லெட்டர் கேட்டுப் போனால், "நீயே அடிச்சுக் கொண்டா, கையெழுத்துப் போடறேன்" என்பார்கள். இப்போது கையெழுத்துக்கு வேலையில்லை. பல்கலைக்கழகம் நேராக ஆசிரியரின் மின்னஞ்சலுக்கு இணைப்பு அனுப்பும். அது ஸ்பாமுக்குள் போய்ப் படுத்துக்கொள்ளும். காலேஜ் பெயரில் மின்னஞ்சல் இல்லாத ஆசிரியரின் சொந்த ஜிமெயிலைக் கொடுத்தால் அங்கே புருவம் உயரும். டிசம்பரிலோ ஆசிரியர்களுக்கு செமஸ்டர் தேர்வு வேலை, விடைத்தாள் திருத்தம். ஹெச்.ஓ.டி. பதவியைப் பார்த்து ஓடாதே, உன்னை லேபில் திட்டிய ஆள் யாரோ அவரிடம் கேள் என்பது என் கட்சி. திட்டியவருக்கு உன்னை ஞாபகம் இருக்கும். ஒரு முறை அப்படி ஒரு லேப் அசிஸ்டெண்டாக இருந்து லெக்சரரான அம்மா, பையன் பின்பெஞ்சில் உட்கார்ந்து மற்றவர்களின் பிழைகளைத் திருத்திக் கொடுத்து விட்டுத் தன்னுடையதைச் சமர்ப்பிக்க மறந்ததைப் பற்றி நாலு வரி எழுதினார். இலக்கணம் சுமார்தான். அந்த நாலு வரிக்கு ஈடாக ஹெச்.ஓ.டி.க்களின் அடைமொழிகள் நிற்காது.

இனி அந்த இரண்டு பக்கம்.

"சிறு வயது முதலே எனக்குக் கணினி மீது தீராத ஆர்வம்" என்றுதான் நூற்றுக்குத் தொண்ணூறு ஆரம்பிக்கும். முன்பெல்லாம் சீனியரிடம் வாங்கிப் பெயரை மாற்றுவார்கள். பிறகு டவுனில் கன்சல்டன்ஸிக்காரர்கள் எழுதிக் கொடுத்தார்கள். பணம் வாங்காமலே எழுதிக் கொடுப்பவர்களும் உண்டு, அவர்களுக்குச் சில வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்கள் தலைக்கு இவ்வளவு என்று கமிஷன் தருகின்றன. கமிஷன் தராத இடத்துக்கு உன் மார்க்கு பொருந்தினாலும் அவர்கள் வாயிலிருந்து அந்தப் பெயர் வராது. 2022 நவம்பர் கடைசியில் சாட்ஜிபிடி வந்த பிறகு கன்சல்டன்ஸிக்கும் போக வேண்டியதில்லை. இலக்கணப் பிழை ஒன்றுகூட இல்லாமல், ஆள் ஒருவர்கூட இல்லாமல் பக்கம் பக்கமாக வருகிறது. படிப்பவர் இடத்தில் என்னை வைத்துப் பார்ப்பேன்: ஒரு நாளில் ஐம்பது ஃபைல், ஐம்பதிலும் தீராத ஆர்வம்.

நான் எழுதிக் கொடுப்பதில்லை. கேள்வி கேட்பேன், அவ்வளவுதான். முதல் கேள்வி, "கடைசியா எது ஓடாம மக்கர் பண்ணுச்சு?" அதற்குப் பதில் இல்லாத கம்ப்யூட்டர் சயின்ஸ் மாணவனை நான் பார்த்ததில்லை. ஃபைனல் இயர் புராஜெக்டை டவுனில் புராஜெக்ட் சென்டரில் விலைக்கு வாங்கியவனிடம்கூட ஒரு பதில் இருக்கும். அப்படி ஒருவன், வாங்கிய புரோகிராம் தன் லேப்டாப்பில் ஓடாமல், அது எழுதப்பட்ட பழைய லைப்ரரிக்கும் புதியதற்கும் என்ன வித்தியாசம் என்று பிரித்துப் பார்த்துப் பாதியைத் திரும்ப எழுதியிருந்தான். அவன் எஸ்.ஓ.பி.யில் இருந்ததோ விலைக்கு வாங்கிய தலைப்பு. உண்மையில் செய்த வேலை ஒரு வரிகூட இல்லை. "அத எழுதலாமாண்ணே? அது ரிப்பேருதான?" என்றான். உலகத்தில் பாதி சாஃப்ட்வேர் வேலை ரிப்பேர்தானடா என்றேன்.

எனக்குப் பிடித்தது பால்காரம்மா மகன் கதை. அவன் அம்மா சொசைட்டிக்குப் பால் ஊற்றுகிறவர். பாலுக்கு விலை வெறும் லிட்டரில் இல்லை. கொழுப்பு எவ்வளவு, கொழுப்பில்லாத திடப்பொருள் எவ்வளவு என்று பார்த்துத்தான் போடுவார்கள். பையன் அம்மாவின் பால் அட்டையில் இருந்த பதிவுகளையெல்லாம் லேப்டாப்பில் ஏற்றி, அடுத்த வாரம் எவ்வளவு வரும் என்று கணிக்க ஒரு சின்ன மாடல் எழுதினான். கணிப்பு தாறுமாறாக வந்தது. மெஷின்தான் தப்பாகக் காட்டுகிறது என்று முடிவுகட்டி அம்மாவிடம் போய்ச் சொன்னான். அம்மா அடுப்படியிலிருந்தே, "காலப் பாலும் சாயங்காலப் பாலும் ஒண்ணாவாடா இருக்கும்?" என்று கேட்டாராம். ராத்திரி முழுக்கச் சுரந்து நிறைந்த காலைப் பாலில் கொழுப்பு குறைவு. மாலைப் பால் அளவில் குறைவு, கொழுப்பு கூடுதல். இரண்டையும் ஒன்றாகக் கொட்டிக் கணித்திருந்தான். பிரித்துப் போட்டதும் பிழை பாதிக்கு மேல் குறைந்துவிட்டது.

இதைப் போகிற போக்கில், சிரித்துக்கொண்டே, என்னிடம் சொன்னான். அவன் கையிலிருந்த எஸ்.ஓ.பி.யில் செயற்கை நுண்ணறிவு மனித குலத்தை மாற்றப்போவது பற்றி ஒரு பத்தி இருந்தது. அந்தப் பத்தியை அடிக்கச் சொன்னேன். அம்மாவை எழுதவா என்று கூச்சப்பட்டான். தரவைப் பற்றிக் கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்டது அவர், கேட்டதைப் புரிந்து மாடலை மாற்றியது நீ, அந்தப் பாடத்தை முறையாகப் படிக்க இன்னின்ன பேராசிரியர் இருக்கும் இன்ன துறைக்கு வருகிறாய். இதைத் தவிர அந்தப் பக்கத்தில் வேறு என்ன வேண்டும்? கடைசிப் பகுதிக்குத்தான் நேரம் எடுத்தது. எந்தத் துறையில் யார் எதைச் செய்கிறார்கள் என்று அவர்களுடைய பக்கங்களைத் தேடிப் படிக்க வைத்தேன். கட்டுரையின் சுருக்கத்தையாவது படித்துப் புரியாததை எழுதி வை என்றேன். புரியாததிலிருந்தே அவனுடைய இரண்டாம் பக்கம் வந்தது. ஆங்கிலம் அவன் ஆங்கிலம்தான். காற்புள்ளி மட்டும் போட்டுக் கொடுத்தேன்.

இந்த இரண்டு பக்கத்துக்கு இந்தியாவில் வேலையில்லை என்று நினைப்பவர்கள் உண்டு, கேட் ரேங்க் போதுமே என்று. எம்.டெக்.குக்குப் பெரும்பாலும் அப்படித்தான். ஆராய்ச்சி வழியில் எம்.எஸ். தருகிற சென்னை ஐ.ஐ.டி. மாதிரி இடங்களில் தேர்வும் நேர்காணலும் உண்டு. நேர்காணலில் "நீ என்ன செய்தாய்?" என்று கேட்டால் எழுதிப் பார்த்தவனுக்கு வாய் திறக்கும்.

காற்று இப்போது வேறு பக்கம் அடிக்கிறது. 2023 செப்டம்பரில் ஜி.ஆர்.இ.யை இரண்டு மணி நேரத்துக்குள் சுருக்கிவிட்டார்கள்; பல துறைகள் அதைக் கேட்பதையே விட்டுவிட்டன. கேட்டில் 2024 முதல் டேட்டா சயின்ஸ், செயற்கை நுண்ணறிவுக்குத் தனித் தாள். 2025 செப்டம்பரில் புதிய ஹெச்-1பி வேலை விசா விண்ணப்பத்துக்கு ஒரு லட்சம் டாலர் என்று அமெரிக்கா அறிவித்த வாரத்தில், அமெரிக்காவுக்குப் போட்டுக்கொண்டிருந்த வீடுகளிலிருந்து எனக்கு ஓயாமல் போன். நிலத்தை அடமானம் வைத்துக் கடன் வாங்க இருந்தவர்கள் அவர்கள். பிணையில்லாமல் கிடைக்கும் கல்விக்கடன் அங்கே படிக்கும் செலவுக்குப் பெரும்பாலும் எட்டாது. வேலை பார்த்துக்கொண்டே படிக்க ஜார்ஜியா டெக்கின் இணையவழி எம்.எஸ். இருக்கிறதே என்று சிலருக்குச் சொன்னேன். 2014இல் தொடங்கியது, படிப்பு முழுவதற்கும் ஏழாயிரம் டாலர் அளவில் முடிந்துவிடும். விசாவும் வேண்டாம், விமானமும் வேண்டாம். "அப்ப ஃபாரின் போன மாதிரி ஆகாதே" என்றார் ஒரு அப்பா. ஊரில் பிளெக்ஸ் வைக்க முடியாது என்பது அவர் கவலை.

பால்காரம்மா மகனுக்கு ஜெர்மனியிலிருந்து பதில் வர வேண்டியிருந்த நேரத்தில் இங்கே ஐ.ஐ.டி.க்கள் தரும் இடத்தை ஏற்பதற்கான பொது இணையதளமான சி.ஓ.ஏ.பி.யில் அவன் பெயருக்கு ஒரு எம்.டெக். இடம் விழுந்தது. அவன் கேட்ட பிரிவில்லை, கிட்டத்தட்ட. மூன்று பொத்தான்: ஏற்று உறுதிசெய், வைத்துக்கொண்டு காத்திரு, வேண்டாம் என்று காத்திரு. அடைக்கும் நேரம் மறுநாள் காலை. அம்மாவையும் கூட்டிக்கொண்டு கடைக்கு வந்துவிட்டான். நான் மூன்றையும் விளக்கினேன். இங்கே என்றால் மாசம் 12,400 கையில் வரும், அங்கே என்றால் பதினோரு லட்சம் ரூபாய்க்கு மேல் முதலில் காட்டவேண்டும், ஜெர்மனிக்காரன் பதில் சொல்ல இன்னும் ஒரு மாதம் ஆகலாம், இப்போது நடுப் பொத்தானை அமுக்கினால் இந்த இடமும் போகாது, அடுத்த சுற்றில் இதைவிட நல்லது விழவும் வழி உண்டு.

அம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு மவுஸ் மீதிருந்த மகன் கையைப் பார்த்தார்.

"நடுவுல உள்ளத அமுக்குனா மாட்ட விக்க வேணாம்லப்பா?"

"வேணாம்த்தா."

"எது வரைக்கும்?"

"அடுத்த ரவுண்டு வரைக்கும்" என்றேன்.

"அப்ப அத அமுக்கு" என்று மகனிடம் சொல்லிவிட்டு, சாயங்காலப் பாலுக்கு நேரமாகிவிட்டதென்று கிளம்பினார்.